‘நமக்கு’ என்று பாடியவர்

மன்னார்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் நலமும் வீட்டிலுள்ளோர் நலமும் அறிய ஆவல். உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகியும் பதில் எழுதாததற்குக் கண்புரை அறுவைதான் காரணம். படிக்கவும் எழுதவும் கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், காது ஒன்றே துணையாகப் பழைய பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். பாட்டைக் கேட்டுக் கொண்டே வேறு வேலை பார்த்துப் பழகிய நமக்கு, வேறெதுவும் செய்யாமல் பாட்டை மட்டும் கேட்பது புது அனுபவம்தான்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் கருத்துப் பாட்டுக்காரர், அவருடைய செல்வாக்கு எம்.ஜி.ஆர். படங்களோடு முடிந்துவிட்டது என்று நீ எழுதியிருந்தாய். அறுவைக்கு முன்பு படித்திருந்தால் பாதி ஒப்புக்கொண்டிருப்பேன். இப்போது மனம் வரவில்லை. அதற்கு ஒரு கல்யாண வரவேற்பும் காரணம்.

என் அக்காள் பேத்தியின் வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். “அடுத்ததாகக் கவியரசர் கண்ணதாசனின் காலத்தால் அழியாத பாடல்” என்று அறிவித்துவிட்டு, அந்தப் பையனும் பெண்ணும் ‘வாடிக்கை மறந்ததும் ஏனோ’ பாடினார்கள். பாட்டில் குறையில்லை. அறிவிப்பைக் கேட்டு நான் எழுந்திருக்கப் போனபோது வீட்டுக்காரி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். கண்ணதாசனுக்கு என்ன பெருமைப் பஞ்சமா, இரவல் பெருமை எதற்கு? அந்தப் பாட்டு வருகிற ‘கல்யாணப் பரிசு’ படத்தின் பாட்டுகளைப் பட்டுக்கோட்டையார்தான் எழுதினார் என்பதை அந்த மண்டபத்தில் நாலு பேராவது அறிந்திருப்பார்கள். ஆனால் காதல் பாட்டென்றால் அவராக இருக்காது என்ற எண்ணம் உன்னைப் போலவே பலருக்கும் ஊறிப்போயிருக்கிறது.

அந்தப் பாட்டின் முதல் சொல்லை எடுத்துக்கொள். வாடிக்கை என்பது பால்காரரும் தயிர்க்காரியும் மளிகைக் கடைக்காரரும் நாள்தோறும் புழங்குகிற சொல். நிலவையும் தென்றலையும் கூப்பிட்டுத்தான் காதலைத் தொடங்க வேண்டும் என்று நம்பியிருந்த காலத்தில், சைக்கிளில் போகிற காதலர்களுக்கு அவர் கடைத்தெருச் சொல்லைக் கொடுத்தார். நேற்று வந்தாயே, இன்று ஏன் வரவில்லை என்ற செல்லக் கோபம் முழுவதும் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஏ.எம்.ராஜாவின் மெட்டும் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே போகிறது என்பதால், பாட்டு எங்கே தொடங்கியது, பேச்சு எங்கே முடிந்தது என்று தெரிவதில்லை. பேசுகிற சொல்லே பாடுகிற சொல்லாகலாம் என்று இன்று எவரும் தயக்கமில்லாமல் எழுதுகிறார்களே, அந்தத் துணிச்சலில் அவருடைய பங்கு பெரிது. அவரே எல்லாவற்றையும் தொடங்கினார் என்று சொல்லமாட்டேன். என்.எஸ்.கிருஷ்ணனுக்காக உடுமலை நாராயணகவி எழுதிய பாட்டுகளில் ஊர்ப்பேச்சு ஏற்கெனவே குதித்து விளையாடியிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் நகைச்சுவைப் பகுதியோடு நின்றது. கதாநாயகனும் கதாநாயகியும் அந்தப் பேச்சிலேயே காதலிக்கவும் நியாயம் கேட்கவும் கூடும் என்றாக்கியவர் பட்டுக்கோட்டையார்.

நியாயம் கேட்பது என்றவுடன் 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ நினைவுக்கு வருகிறது. ‘காடு வெளைஞ்சென்ன மச்சான்’ பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருந்தும், கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தபோதுதான் அதன் கட்டுமானம் எனக்குப் பிடிபட்டது. அது களத்துமேட்டில் நடக்கிற ஒரு வழக்காடல். காடு விளைந்தும் நமக்கு மிஞ்சியது கையும் காலும்தானே என்று அவள் கேட்கிறாள். காலம் இருக்கிறது, பொறு என்கிறான் அவன். அவள் விடுவதாயில்லை: மாடாய் உழைத்தவன் வாழ்க்கையில் பசி வந்ததற்குக் காரணம் என்ன என்று மடக்குகிறாள். அவன் தேடிய செல்வம் வேறிடத்தில் போய்ச் சேர்வதால் வந்த தொல்லை என்று பதில் வருகிறது. உழைத்தவனுக்குக் கூலி போக முதலாளியிடம் சேர்கிற உபரி மதிப்பைப் பற்றி நாம் கல்லூரி நாளில் படிப்பு வட்டத்தில் உட்கார்ந்து எத்தனை மாலைப் பொழுதைக் கழித்தோம்! டி.எம்.சௌந்தரராஜனும் பானுமதியும் அதை ஒரு சரணத்தில் முடித்துவிடுகிறார்கள். கேள்வி கேட்கிறவள் பெண் என்பதையும் கவனி. நாற்று நடுகையிலும் களையெடுப்பிலும் கேள்வியும் பதிலுமாகப் பாடுகிற தெம்மாங்கு வழக்கத்தை அறியாத ஒருவருக்கு இந்த அமைப்பு தோன்றியிருக்காது.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்து, வயல் வேலை, மாடு மேய்ப்பு, மாம்பழ வியாபாரம், உப்பளம், நாடக மேடை என்று அலைந்து, புதுச்சேரியில் பாரதிதாசனிடமும் இருந்துவிட்டுப் படத்துறைக்கு வந்தவர் அவர். இதையெல்லாம் நீ அறிவாய்.

இந்தப் பாட்டில் எனக்கு நெருடுகிற ஓர் இடமும் உண்டு. ‘நமக்கு’ என்று தொடங்கிய பாட்டு, போகப் போக ‘நானே போடப் போறேன் சட்டம்’ என்று திரும்புகிறது. கதைப்படி அந்தச் சொல் பொருந்துவதுதான். ஆனால் 1965இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ படத்துக்காக வாலி எழுதிய ‘நான் ஆணையிட்டால்’ பாட்டையும், 1977இல் அந்தக் கதாநாயகன் எம்.ஜி.ஆரே முதலமைச்சரானதையும் சேர்த்துப் பார்க்கும்போது, அந்த ஒற்றை ‘நானே’ எவ்வளவு பெரிய விதை என்று மலைப்பாக இருக்கிறது. பிறகு ‘பாட்ஷா’வில் வைரமுத்து எழுதிய ‘நான் ஆட்டோக்காரன்’ வரை, உழைப்பாளியைப் புகழ்கிற பாட்டோடுதான் நாயகன் திரைக்கு வருகிறான். உழைப்பாளி என்னவோ பாட்டில் அப்படியே இருக்கிறான். அவனுக்கு வரவேண்டிய பங்கு எங்கே போனது என்ற கேள்விதான் காணாமற்போனது. பட்டுக்கோட்டையாரின் செல்வாக்கு முடிந்துவிட்டது என்கிறாயே, எனக்கு வருத்தமெல்லாம் அதில் பாதி மட்டும் நீடிக்கிறதே என்பதுதான்.

மற்றப் பாதியைக் கேட்கவேண்டுமானால் ‘சின்னப் பயலே’ பாட்டைப் போட்டுக் கேள். ‘அரசிளங்குமரி’ 1961இல்தான் வெளியானது; பாட்டு ஊரெங்கும் ஒலித்ததைக் கேட்க எழுதியவர் இல்லை. 1959 அக்டோபர் 8ஆம் நாள், 29 வயதில் போய்விட்டார். வேப்பமரத்து உச்சியில் பேய் ஆடுகிறது என்று பெரியவர்கள் சொல்லிவைப்பதைக் குழந்தையின் காதுக்குப் புரிகிறமாதிரி சொல்கிற பாட்டிலேயே, சற்றும் குரலை உயர்த்தாமல் தனியுடைமைக் கொடுமை தீரத் தொண்டு செய் என்றும் சொல்லிவிடுகிறார். பேயைப் பற்றியும் தனியுடைமையைப் பற்றியும் ஒரே தொனியில் பேச அவரால்தான் முடிந்தது. இரண்டும் குழந்தைகளைப் பயமுறுத்துகிறவை என்று நினைத்தாரோ என்னவோ. நாடகப் படமொன்றில், ராஜா ராணிக் கதைக்கு நடுவில், தணிக்கையையும் தாண்டி அந்தச் சொல் வந்துவிட்டது எனக்கு இன்றும் வியப்புதான். அவருடைய எழுத்துகளையே பிற்பாடு அரசு நாட்டுடைமை ஆக்கியதைக் கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 திரைப்பாடல்கள் என்கிறார்கள். எல்லாம் ஒரே தரம் என்று நான் வழக்காட வரவில்லை. ‘திருடாதே பாப்பா’ எனக்கு எப்போதுமே கொஞ்சம் பள்ளிக்கூட வாசனை அடிக்கும். ஆனால் சந்திரபாபு பாடிய ‘உனக்காக எல்லாம் உனக்காக’வும் அவருடையதுதான் என்று சொன்னால், உன் மருமகன் நம்பமாட்டார், பந்தயம் கட்டிப் பார்.

வெயில் தாழ்ந்ததும் நீ இங்கே வரப்போவதாக எழுதியிருந்தாய். வரும்போது, நாம் விடுதியில் இருந்தபோது நீ கையால் எழுதிவைத்த அந்த நீல அட்டைப் பாட்டு நோட்டைக் கொண்டுவா. ‘பாசவலை’ படத்தின் ‘குட்டி ஆடு தப்பி வந்தா’ பாட்டில், குள்ளநரிக்கு அடுத்துக் குறவன், அவனுக்குப் பிறகு யாருக்கு எது சொந்தம் என்று அடுக்கிக்கொண்டே போவாரே, எட்டடியில் வந்து நிற்கிறவரை எனக்கு வரிசை நினைவிருக்கிறது. அதற்கடுத்த சரணம் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வரமறுக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்