பேரனின் சாசேஜ்

அன்புள்ள மாப்ளே,

தீபாவளி கழிந்தும் உனக்குப் பதில் போடவில்லை. திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு மூட்டுவலி அப்படியேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரன் தினமும் டிபன் டப்பாவில் சாசேஜ், அதாவது கொத்துக்கறியைக் குழல்போல் அடைத்தது, கொண்டுபோகிறான், எவ்வளவு வேகவைத்தாலும் இளஞ்சிவப்பு மாறவில்லை, சாயம் கலக்கிறார்கள் என்று கொதித்திருந்தாயே. அன்றிலிருந்து எனக்கும் அதே பைத்தியம்.

கறியின் சிவப்பு ரத்தமே இல்லையடா. அது பெரும்பாலும் அறுக்கும்போதே வடிந்துவிடும். தசைக்குள் மையோகுளோபின் என்று ஒரு புரதம், அதன் நடுவே ஓர் இரும்பு அணு. அது ஆக்சிஜனைப் பிடித்திருக்கும்வரை கறி பளிச்சென்று சிவந்திருக்கும். அடுப்பில் 60 டிகிரியைத் தாண்டியதும் புரதம் குலையத் தொடங்கும், இரும்பின் நிலை மாறும், கறி பழுப்பாகிவிடும். கோழித்தொடை கறுத்திருப்பதும் இந்தப் புரதத்தால்தான். நாளெல்லாம் நடக்கிற காலுக்கு அது நிறைய வேண்டும். பறக்காத கோழியின் நெஞ்சுக்கு எதற்கு? ஹாஸ்டலில் நெஞ்சுத்துண்டுக்கு மல்லுக்கட்டிய குண்டனிடம் இதைச் சொல்ல வேண்டும்.

சாசேஜில் உப்போடு சோடியம் நைட்ரைட் என்ற வேதியுப்பையும் சேர்க்கிறார்கள். அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு அந்த இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வெந்தாலும் விடாது, அதனால்தான் இளஞ்சிவப்பு மாறுவதில்லை. ஹால்டேன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1901-இலேயே இதை விளக்கிவிட்டார். உங்கள் அப்பத்தா போட்ட உப்புக்கண்டத்தில் உப்பு, மஞ்சள், வெயில் அவ்வளவுதானே, அதனால் அது கறுத்துக் கிடந்தது. இத்தாலியில் பார்மா ஊர்க்காரர்களும் பன்றித்தொடைக்கு வெறும் உப்புதான் போடுகிறார்கள். வருடத்துக்கு மேல் தொங்கவிட்டும் சிவப்பு போவதில்லை! அங்கே இரும்பு விலகி, அந்த இடத்தில் துத்தநாகம் வந்து உட்கார்ந்துவிடுகிறதாம். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

ஆக, அந்த நிறத்துக்குச் சாயமே தேவையில்லை. நைட்ரைட் நிறத்துக்கு மட்டுமானதும் அல்ல, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமியையும் அது தடுக்கிறது. ஆனால் மாப்ளே, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் வரிசையில் சேர்த்துவிட்டது. குடல் புற்றுநோயைத்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள். என்றைக்காவது தின்றால் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் என்கிறாயே, அதுதான் உறுத்துகிறது.

மருமகளிடம் நீ பேசாதே, நீ வாயைத் திறந்தால் சண்டைதான். தங்கச்சியைப் பக்குவமாகச் சொல்லச் சொல். பேரன் என்ன சொன்னான் என்று எழுது.

உன்,
மாமன்