எங்கள் வீட்டு வாசலுக்கு ஓர் இலக்கம் வேண்டும்: மலையகத்திலிருந்து ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஜனாதிபதி அவர்களுக்கும், பாராளுமன்ற உறுப்பினர்கள் 225 பேருக்கும்,

வணக்கம்.

மலையகத் தமிழரின் காணிப் பிரச்சினையை உங்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்காக இத்தீவுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்துவந்த மக்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியும் ஒன்று. தேர்தல் காலங்களில் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மேடையேறியவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. ஆகவே அறிந்தவர்களுக்கே எழுதுகிறேன் என்ற நம்பிக்கையோடு, ஒரேயொரு கோரிக்கையை உங்கள்முன் வைக்கிறேன்: தோட்டக் குடியிருப்புகளில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சட்டப்படி செல்லும் காணி உறுதியையும் (நிலப் பத்திரத்தையும்), அந்த வீட்டுக்கென்று ஒரு தனி முகவரியையும் வழங்குங்கள்.

இம்மடலை இப்போது எழுதவைத்தது எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு சம்பவம். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, பயிற்சிநெறி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் உரிய காலத்தில் அனுப்பப்பட்டது; உரிய காலத்தில் தோட்ட அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது. அவள் கைக்கு வந்தபோதோ நேர்முகப் பரீட்சை முடிந்து போயிருந்தது. விசாரித்தபோது, அந்த வாரம் அவளுடைய தந்தை சுகவீனத்தால் வேலைக்கு வரவில்லை என்றும், அதனால் கடிதத்தைக் கொடுத்தனுப்ப ஆள் இருக்கவில்லை என்றும் அலுவலகத்தில் சொன்னார்கள். கடிதம் அனுப்பிய நிறுவனமோ, தாம் தாமதிக்கவில்லை என்று முத்திரையில் இருந்த திகதியைக் காட்டியது. இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள கொடுமை. யார்மீதும் குற்றம் சாட்ட முடியாதபடி ஒரு பிள்ளையின் வாய்ப்பு கைநழுவிப் போவதற்குத் தோதாகவே இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது.

கொழும்பில் வாசல் பெட்டிக்குள் கடிதம் விழக் கண்டு பழகியவர்களுக்காக, எங்களுக்கு அது வரும் பாதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தபாலகத்திலிருந்து தோட்டத்து ஆள் ஒருவர் எல்லாக் கடிதங்களையும் ஒன்றாக எடுத்துவருவார். அவை தோட்ட அலுவலகத்தில் டிவிசன் (தோட்டப் பிரிவு) வாரியாகப் பிரிக்கப்படும். பிறகு காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலோ, கொழுந்து நிறுக்கும் இடத்திலோ, பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அன்று வேலைக்கு வராதவரின் கடிதம் காத்திருக்கும். தோட்டத்தில் வேலையே செய்யாமல் நகரத்துக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் இளைஞரின் கடிதம் இன்னும் நீண்ட நாள் காத்திருக்கும். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் மட்டுமே முகவரி என்னும்போது, ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரில் யாருக்கு வந்த கடிதம் என்பதை உறையைப் பிரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வங்கிக் கடிதம், அடகுக்கடை அறிவித்தல், பரீட்சை அனுமதி அட்டை, நீதிமன்ற அழைப்பாணை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே வழிதான். சில தோட்டங்களில் லயம் எனப்படும் வரிசை வீடுகளின் சுவரில் இலக்கம் எழுதியிருப்பார்கள். அது நிர்வாகம் தன் வசதிக்காகப் போட்ட இலக்கமேயன்றி, எங்கள் வீட்டு முகவரியாகச் செல்லுபடியாவதில்லை.

இதைவிடப் பாரதூரமான ஒன்றும் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குச் செல்லும் ஒரு தொழிலாளி, தன் வழக்குக்கான அறிவித்தலை அதே நிர்வாகத்தின் மேசையிலிருந்துதான் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதிராளியின் கையால் கடிதம் வாங்கி வழக்காடுமாறு இந்நாட்டில் வேறு எந்தப் பிரஜையையாவது அரசு விட்டுவைத்திருக்கிறதா என்று உங்களில் சட்டம் படித்தவர்கள் தயவுசெய்து சொல்ல வேண்டும். வேலை தரும் துரையே வீட்டுக்காரராகவும் தபால் அதிகாரியாகவும் இருக்கும் இடத்தில், வாக்குரிமை ஒருவருக்கு இருப்பதனால் மட்டும் அவர் சுதந்திரமான பிரஜையாகிவிடுவதில்லை.

அந்த வாக்குரிமையின் கதையும் உங்களுக்குத் தெரியும். 1947 பொதுத் தேர்தலில் எம் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டே வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மண்ணில் பிறந்தவரின் தகப்பனோ, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தேயிலைக்குள் பிறந்து தேயிலைக்குள்ளேயே புதைந்துபோன பாட்டனுக்கும் பூட்டனுக்கும் பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்திருக்கும்? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, விவாகமானவர் ஏழு ஆண்டுகளும் விவாகமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கு வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. 1952 தேர்தலில் எம் மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை. தெரிவான பிரதிநிதியும் இல்லை. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தபோது, பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடுபட்ட 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கணக்கை முடித்தார்கள். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றிபெறும்வரை இருபத்தைந்து ஆண்டுகள், மக்கள் வாக்களித்து அனுப்பிய மலையகப் பிரதிநிதி ஒருவர்கூட அந்தச் சபையில் இருக்கவில்லை. நாடற்றோர் என்று எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

பழங்கதைக்காக இதை எழுதவில்லை. அன்று எங்களிடம் கேட்கப்பட்டது வதிவிடச் சான்று. இன்று கிராம சேவகர் அலுவலகத்திலும், வங்கியிலும், பாடசாலை அனுமதியிலும் கேட்கப்படுவதும் வதிவிடச் சான்றுதான். மற்றவர்கள் காணி உறுதியையோ மின்கட்டணப் பட்டியலையோ நீட்டும் இடத்தில், தோட்ட அலுவலகத்தின் கடிதம் ஒன்றுக்காக நாங்கள் காத்து நிற்கிறோம். சான்றாகக்கூடிய பத்திரத்தைக் கையில் தராமல் வைத்துக்கொண்டு, சான்று எங்கே என்று கேட்கும் அரசை என்ன சொல்லி அழைப்பது?

காணி கம்பனிகளுடையது, அரசு என்ன செய்யும் என்று இனியும் சொல்லாதீர்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் மூலம் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் போனபோதும், நிலம் குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டதே தவிர விற்கப்படவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் அரசுதான். குத்தகைக்காரரைக் கைகாட்டிவிட்டுச் சொந்தக்காரர் ஒதுங்கி நிற்பது நியாயமாகாது. சுற்றுலா விடுதிகளுக்காகத் தோட்டத்து நிலத்தையும் பங்களாக்களையும் பிரித்துக் கொடுக்க முடிகிறபோது, லயத்தின் அடியிலுள்ள சில பேர்ச் நிலத்தை அளப்பதற்கு மட்டும் எங்கிருந்து இத்தனை சட்டச் சிக்கல் வருகிறது என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை.

உள்ளூராட்சியையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக நின்றது. பிரதேச சபைக்கு வாக்களிக்கும் உரிமை எங்களுக்கு இருந்தது. அந்தச் சபை எங்கள் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்டுவதற்குத்தான் சட்டம் இடம் கொடுக்கவில்லை! 2018இல் அது திருத்தப்பட்டது. அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் தடை நீங்கியபின் பாதைகளுக்குப் பெயரும் வீடுகளுக்கு இலக்கமும் ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

தேசிய இனப்பிரச்சினை என்று நீங்களும் வடக்கின் தலைவர்களும் பேச உட்காரும்போதெல்லாம், மேசையில் இருப்பது மாகாண அதிகாரமும், மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும்தான். அவை முக்கியமானவை, நான் மறுக்கவில்லை. ஆனால் மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் சிதறி, ஒவ்வொரு மாகாணத்திலும் சிறுபான்மையாகவே வாழும் எங்களுக்கு, எந்த மாகாணத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கணக்கில் பதில் கிடைக்காது. (1949இல் அந்த வதிவாளர் சட்டத்தை எங்களுக்காக எதிர்த்து நின்றவர்களும், அமைச்சரவையில் அமர்ந்து அதை ஆதரித்தவர்களும் அதே வடக்கிலிருந்துதான் வந்தார்கள் என்பதை இரண்டு தரப்புக்கும் நினைவூட்டுவது தவறாகாது என நினைக்கிறேன்.) இந்நாட்டின் தேயிலைப் பெட்டிகளில் எங்கள் பெண்கள் கொழுந்துக் கூடையுடன் சிரித்துக்கொண்டு உலகமெல்லாம் போகிறார்கள். இலங்கை என்றதும் வெளிநாட்டவர் நினைவில் எழும் முகம் அவர்களுடையது. தேசத்தின் அடையாளமாக அவர்கள் படத்தை அச்சிடுவதற்கு வதிவிடச் சான்று எதையும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பதை மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். 7 பேர்ச் என்றும் 10 பேர்ச் என்றும் ஆட்சிக்கு ஆட்சி மாறும் அளவுகளும், மேடையில் கைமாறிப் படம் எடுத்தபின் வங்கியில் செல்லாத பத்திரங்களும் எங்களுக்கு வேண்டாம். காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட, அடகு வைக்கவும் பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கவும் கூடிய உறுதி வேண்டும். மலையில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், அது மனைவியின் பெயரிலும் எழுதப்பட வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் இருக்கும் லயங்களுக்கு அதே இடத்தில் உறுதி எழுதாமல், பாதுகாப்பான மாற்றுக் காணியில் எழுதுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களை மறந்துவிட்டு அளவுக்கோலைப் பிடிக்க முடியாது.

உறுதிக்குக் காலம் எடுக்கும் என்பதை அறிவேன். முகவரிக்கு எடுக்காது. அதற்கு இந்தியாவின் உதவித் திட்டமும் வேண்டாம், உலக வங்கியின் கடனும் வேண்டாம். பிரதேச சபை பாதைக்குப் பெயரிட்டு வீட்டுக்கு இலக்கமிடட்டும். தபால் திணைக்களம் அதை ஏற்று, கடிதத்தை உரியவர் வாசலில் கொடுக்கட்டும். கிராம சேவகர் அந்த இலக்கத்தையே வாக்காளர் இடாப்பிலும் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்திலும் எழுதட்டும். இதற்கான சுற்றறிக்கையை, அடுத்த வாக்காளர் இடாப்புத் திருத்தம் தொடங்கும் முன்னரே வெளியிடுமாறும், காணி உறுதி வழங்கி முடிக்கும் கால எல்லையைப் பாராளுமன்றத்தில் அறிவிக்குமாறும் தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.