"எல்லாம்" என்றால் எது ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது இலக்கிய ஆய்வாளனுக்குப் பல்கலைக்கழக நூலகம் எதற்கு என்று ஒரு வரி. மலரை மடித்து வைத்துவிட்டேன். அப்புறம் மறுபடி எடுத்துப் பார்த்தேன், அதேதான் இருந்தது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன நம் மலேசிய நாளிதழ் தமிழ் நேசனில் வந்த கதைகள் அத்தனையையும் உங்கள் கட்டுரையாளர் கைப்பேசியில் எடுத்துக் காட்டட்டும், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைத் தேசிய நூலகம் வழியாக இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். நாம் என்ன செய்தோம் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டினார். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பஞ்சாங்கத்தைத் தவிர வேறு புத்தகம் கிடையாது. படிக்கப் போன இடத்து நூலகத்தில் வேறு எதையோ தேடியபோது கீழ்த்தட்டில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா மலர் கிடைத்தது, உள்ளே ஒரு கதை, பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிற ஒருத்தியைப் பற்றி. அட்டவணையில் அந்த மலரே இல்லை. அன்றோடு என் ஆய்வுத் தலைப்பு மாறியது, அடுத்த முப்பது வருடமும் அதிலேயே போயிற்று. பெயரே தெரியாத கதையை எந்தச் சொல் போட்டுத் தேடுவது?

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். அதைச் சொல்லிச் சொல்லியே இன்றும் மேடை போடுகிறோம், பொன்னாடைக்குக் காசு இருக்கிறது, பழைய இதழ்களை பைண்டு செய்யத்தான் இல்லை.

ஓய்வு பெற்றபின் விடியற்காலை பஸ் பிடித்து ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். "மாணவர் அட்டை இருக்கா அங்கிள்?" என்றது முகப்பில் இருந்த பிள்ளை. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் கேட்ட தொகுப்பு கிடங்கில் இருக்கிறதாம், எடுத்துத் தர மூன்று நாள் ஆகுமாம். இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இடமில்லை போலும், அந்த வாரம் நடிகை கல்யாணம் அரைப்பக்கம் வந்திருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலக மாடியில் பழைய தொகுப்புகள் இருப்பதை அறிவேன். சனிக்கிழமை காலையில் மட்டும் வந்து பார்க்க அனுமதி கிடைக்குமா? ஒரு நாற்காலி போதும், விசிறிகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சுங்கை சிப்புட்