தலைப்பிரட்டையின் வால் உதிர்வதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், எம்எம்பி (மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்) என்ற நொதிக் குடும்பத்தைப் பற்றி, 'திசுக்களை அரித்துப் புற்றுநோய்க்கு வழிவிடும் இந்த நொதிகளால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை' என்று ஒரு வரி வந்திருக்கிறது. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மருமகள் அதைப் படித்துவிட்டு, "அத்தை, இது வயித்துல இருக்குற குழந்தையையும் அரிக்குமா?" என்று கேட்டாள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

31 வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். ஐப்பசி மழை விட்டதும் குட்டையிலிருந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்துவந்து வகுப்பறைக் கண்ணாடித் தொட்டியில் விடுவேன். கால் முளைக்கும், வால் குறுகும். ஒரு வருடம்கூடத் தொட்டியின் அடியில் உதிர்ந்த வால் ஒன்று கிடந்ததில்லை. அந்த நாட்களில் தலைப்பிரட்டை இரையும் எடுக்காது. தன் வாலையே கரைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படிக் கரைக்கும், இதே எம்எம்பி குடும்பத்து நொதியைத்தான் 1962இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். வால் துண்டைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் கூழ் மேல் வைத்தார்கள், சுற்றிலும் கூழ் கரைந்தது. தங்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டு வருடத்துக்கு முன் சிறுவர் பக்கத்தில் 'வால் உதிர்ந்து தவளையாகும்' என்று போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. சிலந்தியைப் பூச்சி என்றீர்கள். அதற்கும் எழுதினேன். ராசிபலனில் ஒரு கிழமை மாறியதற்கு மட்டும் மறு இதழிலேயே கட்டம் கட்டி வருத்தம் தெரிவித்தீர்கள். அறிவியலில் பிழை வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ.

கருவில் செல்களைச் சுற்றிப் புரதப் பின்னல் ஒன்று இருக்கிறது. இந்த நொதிகளால் அது அங்கங்கே இளகினால்தான் உமிழ்நீர்ச் சுரப்பியின் மொட்டு கிளை பிரியும். கைகால் எலும்பு முதலில் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அதை இந்த நொதிகள் அரித்து வழிவிட்டால்தான் ரத்தக்குழாய் நுழைந்து எலும்பாகும். இந்தக் குடும்பத்தின் எம்எம்பி-9 என்ற நொதி இல்லாத சுண்டெலிகளில் இது தாமதமாவதை 1998இல் காட்டினார்கள். அடுத்த வருடம் எம்டி1-எம்எம்பி என்ற இன்னொரு நொதி இல்லாத சுண்டெலிகளைப் பார்த்தார்கள்: குள்ள உடம்பு, கோணலான முகம், அற்பாயுசு. மனிதரில் எம்எம்பி-2 மரபணு பழுதானால் கைகால் எலும்புகளே கரைந்துபோகின்றன. இதற்குப் பெயரா பயனில்லாத நொதி?

புற்றுநோய் இவற்றைத் தன் பரவலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் இவற்றை ஒட்டுமொத்தமாக அடக்கப் பார்த்த மாரிமாஸ்டாட் மருந்து நோயாளிகளுக்கு மூட்டுவலியைத்தான் கொடுத்தது. புற்றுநோய் மருந்தாக நிற்கவில்லை. அந்தக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இடமில்லாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம்.

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம். அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் போடுங்கள். நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லிவிட்டேன், "சமாதானத்துக்குச் சொல்றீங்க அத்தை" என்கிறாள். தங்கள் இதழில் அச்சாகி வந்ததைத்தான் அவள் நம்புகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
மன்னார்குடி