அனுமதிக்குக் காத்திருந்த லாரிகள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சூடான் போர் நம் நாளிதழ்களில் பெரும்பாலும் உள்பக்கத்துத் துண்டுச் செய்திதான். 2025 ஜூன் 2 அன்று அந்நாட்டின் வடக்கு டார்ஃபூர் மாநிலத்து அல்-கோமாவில் ஐ.நா. நிவாரண லாரிகள் தாக்கப்பட்டதும் அப்படியே கடந்துபோனது. போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த 15 லாரிகள். போய்ச் சேரவேண்டிய அல்-ஃபாஷிர் நகரம் இன்னும் 80 கிலோமீட்டர்தான். மேலே போக அனுமதி கேட்டு நின்றிருந்தபோது தாக்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். எந்த வழியாக வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். அப்புறம் வழக்கம்போல சூடான் ராணுவமும் அதை எதிர்த்துப் போரிடும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படையும் ஒன்றையொன்று கைகாட்டின.

ஆர்.எஸ்.எஃப். முற்றுகையில் சிக்கிய அல்-ஃபாஷிர் மக்கள் மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கைத் தின்று உயிர் பிடித்திருந்தார்கள். பக்கத்தில், வீடிழந்து இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் 2024 ஆகஸ்டிலேயே பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. 2025 ஏப்ரலில் ஆர்.எஸ்.எஃப். அந்த முகாமுக்குள் புகுந்தபோது மருத்துவ ஊழியர்களையும் விட்டுவைக்கவில்லை.

நிவாரணப் பணியாளர் என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று நினைத்துக்கொள்கிறோம். சாகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள்: ஓட்டுநர், செவிலியர், தெருவில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போடும் இளைஞர்கள். இவர்களைப் பாதுகாக்கச் சொல்லி 2024 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானமே (எண் 2730) போட்டது. சரி, அதற்குப் பிறகு தண்டிக்கப்பட்டவர்கள் யார்? இதைத் தொடர்ந்து கேட்டு ஒரு கட்டுரையாவது தங்கள் இதழில் வர வேண்டும்.

– வாசகர், திருச்சி