வைனர் புரூக் போர்க்கப்பலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் வீழ்ந்த நாளையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், ஆஸ்திரேலியத் தாதியர் ஏறிச் சென்றது 'வைனர் புரூக் என்ற போர்க்கப்பல்' என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சொல் உறுத்தியதால்தான் இந்தக் கடிதம்.

முப்பது ஆண்டுகள் கப்பல் பட்டறையில் துரு தட்டியவன் நான். பழைய கப்பலின் பக்கத்தகட்டில் சுத்தியலால் தட்டினால் சாயம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழும். ஒரு சில்லை எடுத்து ஓரத்தைப் பார்த்தால் வெங்காயச் சருகு போல நிறங்கள் அடுக்கடுக்காக இருக்கும். கப்பல் கைமாறிய கதை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கும். வைனர் புரூக்கின் சாம்பல் நிறமும் அப்படி மேலே விழுந்த கடைசிப் பூச்சுதான்.

ஸ்காட்லாந்தின் லீத் நகரில் 1927இல் நீரில் இறக்கப்பட்ட நீராவிக் கப்பல் அது. ஏறத்தாழ 1,670 டன். போர்னியோ தீவின் சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயக் குடும்பத்தின் மூன்றாம் 'வெள்ளை ராஜா'வின் பெயரை அதற்கு வைத்தார்கள். சரவாக் நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காகச் சிங்கப்பூருக்கும் கூச்சிங்குக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. போர் வந்ததும் பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துக்கொண்டு, சாம்பல் நிறம் பூசி, மேல்தளத்தில் ஒரு நான்கு அங்குலப் பீரங்கியையும் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளையும் பொருத்தியது. பெயருக்கு முன்னால், பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் என்பதைக் குறிக்கும் எச்.எம்.எஸ். சேர்ந்தது. ஆகவே கடற்படை ஏட்டின்படி பார்த்தால் உங்கள் கட்டுரையாளர் சொன்னது முழுத் தவறு என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் தகடு பழைய தகடுதானே? சரக்குக் கப்பலின் மெல்லிய தகட்டில் எத்தனை பூச்சுப் பூசினாலும் அது கவசமாகிவிடாது.

1942 பிப்ரவரி 12ஆம் தேதி மாலை அது சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியபோது அதில் இருந்தவர்களில் 65 பேர் ஆஸ்திரேலிய ராணுவத் தாதியர். மற்றவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 14ஆம் தேதி சுமத்ராவை ஒட்டிய பாங்கா நீரிணையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. மேலே பறந்தவர்களின் கண்ணுக்குச் சாம்பல் நிறமும் பீரங்கியும்தான் பட்டிருக்கும் என்பது என் எண்ணம். தாதியரில் 12 பேர் கடலோடு போனார்கள். பாங்கா தீவின் ராட்ஜி கடற்கரையில் கரையேறிய 22 தாதியரை ஜப்பானியர் தண்ணீருக்குள் நடக்கவிட்டுச் சுட்டதையும், அவர்களில் விவியன் புல்விங்கல் ஒருவரே பிழைத்ததையும் உங்கள் கட்டுரை விரிவாகவே சொல்லியிருக்கிறது.

அதே நாளில் அந்தக் கடற்பகுதியில் மூழ்கிய லி வோவையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். யாங்சே ஆற்றின் மேற்பகுதியில் பயணிகளை ஏற்றிச் சென்ற ஆற்றுக் கப்பல் அது. அதிலிருந்த ஒரே பீரங்கிக்குக் கைவசம் 13 குண்டுகள். அவையும் பயிற்சிக் குண்டுகள். எதிரே ஜப்பானியப் படைக்கப்பல் அணியைக் கண்டதும் கேப்டன் தாமஸ் வில்கின்சன் ஒதுங்கிப் போகாமல் நேராக அதன்மேல் செலுத்தினார். ஒரு கப்பல் தீப்பிடித்தது. அதன்மீதே லி வோவைக் கொண்டுபோய் மோதவிட்டார். கடைசியில் பெரிய பீரங்கிகள் லி வோவை நொறுக்கின. அவருக்குப் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் 1946இல்தான், அவர் இறந்த பிறகே வந்தது. போர்க்கப்பல் ஒன்று இதைச் செய்திருந்தால் கடமை என்று விட்டுவிடலாம். ஆற்றில் டிக்கெட் கிழித்த கப்பல் செய்தது என்று தெரிந்தால்தானே அதன் கனம் தெரியும்?

அடுத்த ஆண்டு இதே கட்டுரையை மறுபடி வெளியிட்டால், 'கடற்படை எடுத்துக்கொண்ட கரையோரப் பயணிகள் கப்பல்' என்று எழுதுங்கள். பத்தியில் இடம் போதாது என்றால் 'கப்பல்' என்று மட்டும் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி,
சிங்கப்பூர்