அம்புக்குறிக்கு அடியில் இருந்தவர்கள்

போர் வரலாற்றுக் காணொளிகள் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உங்கள் காணொளிகளைப் பார்க்கிற ஆள் நான். உங்கள் உழைப்பில் குறையில்லை. ஒரே ஒரு வருத்தம்தான். முதல் உலகப் போரில் ஜெர்மனி பிரான்ஸில் பெருந்தாக்குதல் தொடங்கிய 1918 மார்ச் 21 வந்தாலே வரைபடத்தில் தடித்த ஜெர்மன் அம்புக்குறி ஒன்று மேற்கே பாய்கிறது. "பிரிட்டிஷ் ஐந்தாவது ராணுவம் சிதறி ஓடியது" என்று ஒரு வரி. கதை அமெரிக்கர்களிடம் போய்விடுகிறது.

அந்த அம்புக்குறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

காலை 4.40. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் பீரங்கிகள் ஒரே நேரத்தில் தொடங்கி, ஐந்து மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் குண்டு பொழிந்தன. நச்சுவாயுக் குண்டுகளும் அதில் உண்டு. முகமூடி போட்டால் கண்ணாடியில் ஆவி படியும். கழற்றினால் நெஞ்சு எரியும். வெளியே மூடுபனி. தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்தன.

நீங்கள் வரைவதுபோல முன்வரிசை ஒரே நீளமான பதுங்குகுழியாக இருக்கவில்லை. இடைவெளி விட்டுச் சிறுசிறு காவல் நிலைகள். நடுவில் உள்ள வெற்றிடத்தை இரண்டு பக்கத்து இயந்திரத் துப்பாக்கிகளும் குறுக்காகச் சுட்டு அடைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். சுடுகிறவனுக்குக் கண் தெரிந்தால்தானே? பனிக்குள் ஜெர்மன் அதிரடிப் படையினர் அந்த வெற்றிடங்கள் வழியாகப் புகுந்து போய்விட்டார்கள். பல நிலைகளில் முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்ட பிறகுதான் விஷயமே புரிந்தது.

சரி, பின்வரிசை இருந்ததே என்பீர்கள். மனை அளந்து சுண்ணாம்புப் பொடி தூவிவிட்டுக் கொத்தனார் வராமல் கிடக்குமே, பல இடங்களில் அந்த நிலைதான்: மேல்புல்லை மட்டும் செதுக்கிக் கோடு காட்டியிருந்தார்கள். ஐந்தாவது ராணுவத்தின் தளபதி ஜெனரல் கஃப்பிடம் 12 காலாட்படை டிவிஷன்களும் 3 குதிரைப்படை டிவிஷன்களும் இருந்தன. காக்க வேண்டியது 42 மைல். தென்பகுதியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கியதே ஜனவரியில்தான். ஆள் போதவில்லை என்று டிவிஷனுக்குள் இருக்கும் ஒவ்வொரு பிரிகேடுக்கும் நான்கு பட்டாலியன் (ஆயிரம் பேர் வரை கொண்ட அலகு) இருந்ததை மூன்றாகக் குறைத்திருந்தார்கள்.

சரணடைந்தவர்கள் உண்டு, அதை மறைக்கச் சொல்லவில்லை. முதல் நாளில் மட்டும் சுமார் 21,000 பேர் சிறைப்பட்டார்கள். அதே நாளில் ஜெர்மானியர் தரப்பில் மாண்டவர்கள், காயம்பட்டவர்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 40,000 பேர். ஓடுகிறவர்களைத் துரத்தினால் இத்தனை பேர் விழமாட்டார்கள்.

பிரான்ஸின் செயின்ட் குவென்டின் நகரத்துப் பக்கத்தில் மான்செஸ்டர் ஹில் என்று ஒரு மேடு. அங்கிருந்த பட்டாலியன் தளபதி வில்ஃப்ரித் எல்ஸ்டாப் போருக்கு முன் பள்ளி ஆசிரியர். ஆள்கள் சாகச் சாக, கைத்துப்பாக்கி, ரைஃபிள், கையெறிகுண்டு என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தானே சண்டையில் இறங்கினார். பலமுறை காயம்பட்டும் அந்தப் பகல் முழுக்கத் தாங்கினார். மாலைக்குள் மேடு விழுந்தது, அவரும் விழுந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை.

அப்புறம் மார்ச் 28-ஐயும் காட்டுங்கள். ஆராஸ் அருகே அதே ஜெர்மானியர், அதே மாதிரித் தாக்குதல். ஆனால் அன்று பனியின் துணை இல்லை. எதிரே நன்றாகத் தோண்டிய, ஆழமான அரண்கள். ஒரே நாளில் தாக்குதல் முறிந்தது. அதே 28-ஆம் தேதிதான் கஃப்பின் பதவியும் போனது, பழி முழுக்க அவர் படைமேல் விழுந்தது. (ஆள் அனுப்பாமல் பிடித்து வைத்திருந்த லண்டன் அரசுக்கு இது எவ்வளவு வசதி, பாருங்கள்.) இத்தனைக்கும் ஏப்ரல் 5-இல் தாக்குதல் நின்றபோது முக்கிய ரயில் சந்திப்பான அமியான் நகரம் ஜெர்மானியர் கைக்குப் போயிருக்கவில்லை.

அடுத்த முறை இந்த நாளைத் தொடும்போது பிரான்ஸில் உள்ள போசியேர் நினைவுச் சுவரின் படம் ஒன்றைப் போடுங்கள். அந்த மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம்வரை அங்கே மாண்டு, கல்லறை தெரியாமல் போன 14,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. எல்ஸ்டாப் பெயரும் அங்கேதான். பத்து விநாடி போதும்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளன்